அரை நாள் கணவன்

எங்கள் துறவுச் சபைக்குத் தனிமை மிகவும் முக்கியம். ஆகவே பதின்மூன்று பேர் சேர்ந்து அதைத் தேடிப் புறப்பட்டோம்.

பர்கண்டியின் வடக்கே, காட்டுக்கு நடுவில், ஓபெத் ஆறு வளைந்து ஓடும் பள்ளத்தாக்கு ஒன்றைப் பிரபு எங்களுக்கு எழுதிக்கொடுத்தார். அந்த ஆண்டு அவருடைய பாவங்கள் கொஞ்சம் அதிகம். மடத்தின் எழுத்தன் என்பதால் சாசனத்தை எழுதியது நான்தான். 'கொடிய விலங்குகள் திரியும், மனித வாடையே இல்லாத பாழ்வெளி' என்று மரபுப்படி எழுதினேன். எழுதி முடித்து, முத்திரை குத்தி, அதன் பிறகுதான் இடத்தை நேரில் பார்த்தேன். அங்கே பதினாறு வீடுகள் இருந்தன. ஒரு சிறிய கோவில் இருந்தது. அதன் பின்னால் பேரிக்காய் மரத்தடியில் ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. கொடிய விலங்கு என்று பார்த்தால் ஒரு வாத்து என்னைத் துரத்தியது.

எங்கள் மடாதிபதி தந்தை எவ்ரார் கலங்கவில்லை. ஊர்க்காரர்களைக் கோவில் வாசலில் கூட்டிவைத்துப் பேசினார்.

"பிள்ளைங்களே, நாங்க உலகத்தை விட்டுட்டு வந்திருக்கோம். வந்து பார்த்தா உலகம் எங்களுக்கு முன்னாலேயே வந்து உக்காந்திருக்கு. உங்க மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா இது பாழ்வெளின்னு சாசனத்துல எழுதியாச்சு. நீங்க இங்கேயே இருந்தா அந்த வரி பொய்யாயிடும். ஒரு புனிதமான சாசனத்தைப் பொய்யாக்குறது யாருக்குப் பாவம்?"

ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் நின்ற ஓர் ஆள் மெதுவாகக் கேட்டான். "எங்களுக்கா சாமி?"

"உங்களுக்குத்தான். அந்தப் பாவத்துலேருந்து உங்களைக் காப்பாத்தத்தான் மலைக்கு அந்தப் பக்கம் இடம் கேட்டு வாங்கியிருக்கேன்."

"ரொம்ப நன்றி சாமி" என்றான் அவன். அவன் பெயர் கோபெர். கிணறு வெட்டுகிறவன். அகலமான தோளும், மண்வெட்டிப் பிடியைப் போலக் காய்த்த கையும் உடையவன். யாராவது பெரியவர்கள் உரக்கப் பேசினால் தான்தான் தப்பு செய்திருக்கவேண்டும் என்று உடனே நம்பிவிடுகிற ஆள்.

அறுவடை முடிந்ததும் ஊர் மலைக்கு அந்தப் பக்கம் போயிற்று. வீடுகளைப் பிரித்து மரத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கோவிலைப் பிரித்துக் கல்லை நாங்கள் எடுத்துக்கொண்டோம். கல்லறைத் தோட்டம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இறந்தவர்களை இடம் மாறச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் சத்தம் போடுவதில்லை என்பதால் அவர்களால் தனிமைக்குக் குறைவு வரும் என்று அப்போது நாங்கள் நினைக்கவில்லை.

கோபெரின் மனைவி எர்மெலின் அங்கேதான் கிடந்தாள். நாங்கள் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலில் போனவள். அவளுக்குக் குழி வெட்டியதும் கோபெர்தான். ஞாயிறுதோறும் அவனும் மகள் பெரோனும் மலையேறி இறங்கி வந்து, பேரிக்காய் மரத்தடியில் உட்கார்ந்து, ரொட்டியும் வெங்காயமும் தின்றுவிட்டுப் போவார்கள். தின்னும்போது மூன்று துண்டாகத்தான் பிய்ப்பார்கள். மூன்றாவது துண்டைத் திரும்பும் வழியில் பெரோன் தின்பாள்.

இரண்டாம் ஆண்டு மதில் எழும்பியது. கல்லறைத் திருநாளன்று அப்பனும் மகளும் வந்தபோது மரத்துக்கு வழி இல்லை, வாசல்தான் இருந்தது. வாசலில் சகோதரர் மிலோன் சாவிக்கொத்தோடு நின்றார்.

"எங்கேம்மா போற?"

"அம்மாகிட்ட."

"பொம்பளைங்க உள்ள வரக்கூடாது."

"நான் துறவிங்ககிட்ட வரல சாமி. அம்மாகிட்டதான் போறேன். அதோ, மரம் தெரியுதே."

"மரம் தெரியட்டும். கால் உள்ள வரக்கூடாது. வந்தா மூணு நாளைக்குப் பூசை கிடையாது. மடத்துல அத்தனை பேருக்கும் ரொட்டியும் தண்ணியும்தான்."

பெரோனுக்கு அப்போது பத்தொன்பது வயது. தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். "இந்தக் காலுக்கா சாமி இத்தனை மரியாதை?" என்றாள்.

கோபெர் முன்னால் வந்தான். "அப்ப நான் மட்டும் போயிட்டு வரட்டுமா?"

"ஆம்பளைங்க விருந்தாளியா வந்தா விருந்தினர் அறை வரைக்கும் போகலாம். மரம் உள்முற்றத்துல இருக்கு. அங்க துறவிங்க மட்டும்தான்."

"துறவிங்க போகலாமா?"

"போகாம? அவங்க இருக்கிறதே அங்கதானே."

கோபெர் வெகுநேரம் யோசித்தான். பிறகு மகளைத் தள்ளி அழைத்துப்போய்ப் பேசினான். அவர்கள் பேசியதை மிலோன் பின்னால் எனக்குச் சொன்னார். "நீங்க துறவியாகி உள்ள போங்கப்பா. நான் மாமா வீட்டுல இருந்துக்கறேன். நீங்க அம்மாவப் பாத்துக்கங்க. நான் ஞாயித்துக்கிழமை வாசலுக்கு வரேன், அம்மா எப்படியிருக்கான்னு வந்து சொல்லுங்க" என்றாளாம். எப்படியிருக்கிறாள் என்று சொல்ல என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. சரி என்றான்.

மடத்தில் சேர்பவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பது வழக்கம். மன்றத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, தரையில் குப்புற விழுந்து கிடப்பவனைப் பார்த்து மடாதிபதி கேட்பார். அதற்கு ஒரே பதில்தான் உண்டு: 'கடவுளின் இரக்கத்தை.'

"எதைத் தேடி வந்திருக்கே?" என்றார் தந்தை எவ்ரார்.

"என் பொண்டாட்டிய" என்றான் கோபெர், தரையைப் பார்த்து.

அன்றைக்கு மண் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது; கிணறு வெட்டுகிறவன் தானாகவே வந்து விழுந்திருக்கிறான். மடாதிபதி என்னைப் பார்த்தார். நான் 'இரக்கத்தை' என்று எழுதினேன்.

எங்கள் மடத்தில் இரண்டு விதச் சகோதரர்கள் உண்டு. பாட்டுத் துறவிகள் லத்தீனில் பாடுவோம், தாடி மழிப்போம். உழைப்புச் சகோதரர்கள் உழைப்பார்கள், தாடி வைத்துக்கொள்வார்கள். கடவுளின் முன் இருவரும் சமம். சமம் என்பது தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக நடுவில் ஒரு சுவர் கட்டியிருந்தோம். பேரிக்காய் மரம் எங்கள் பக்கத்தில் இருந்தது. கோபெர் அந்தப் பக்கத்தில் சேர்க்கப்பட்டான். ஆயுளுக்கும் வெளியே போகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் அவனுக்கு இது புரிந்தது. உள்ளே வந்தாகிவிட்டது, அவளுக்கும் அவனுக்கும் இடையே இன்னொரு சுவர்.

அதுமட்டுமல்ல. மகளைப் பார்ப்பதும் நின்றது. உழைப்புச் சகோதரன் பெண்ணோடு பேசக்கூடாது, மகளும் பெண்தான். பெரோன் ஞாயிறுதோறும் வாசலுக்கு வந்து நிற்பாள். மிலோன் செய்தி கொண்டுபோகக் கூடாது என்று விதி. ஆனால் வாசல்காரர் வாசலில் பேசலாம் என்றும் விதி. எனவே அவர் கோபெர் சாணம் தள்ளிக்கொண்டு போகும் நேரம் பார்த்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று உரக்கப் பேசுவார். "ஏ சுவரே, அந்தப் பொண்ணுக்கு தச்சன் மகனோட கல்யாணம் நிச்சயமாயிருச்சாம்!" கோபெர் தள்ளுவண்டியை நிறுத்துவான். பிறகு தள்ளிக்கொண்டு போவான்.

நாங்கள் பேசுவதில்லை, விரல்களால் சைகை செய்வோம். ரொட்டி, மெழுகுவர்த்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. மனைவி என்பதற்குக் கிடையாது. துக்கம் என்பதற்கும் கிடையாது. பெண் என்பதற்கு மட்டும், தலைப்பட்டியைக் குறிக்க, ஒரு புருவத்திலிருந்து மறு புருவத்துக்கு விரலை இழுக்க வேண்டும். அதே சைகையைத்தான் ஆற்றுப் புள்ளிமீனுக்கும் வைத்திருந்தார்கள், ஏனென்றால் லத்தீனில் அந்த மீன் பெண்பால். கோபெர் ஒருநாள் சமையல் சகோதரரிடம் நெற்றியில் விரலை இழுத்து, சுவருக்கு அப்பால் காட்டி, கைகூப்பினான். சமையல் சகோதரர் நல்லவர். மறுநாள் யாருக்கும் தெரியாமல் ஒரு மீனை அவன் கிண்ணத்தில் போட்டார். மீனுக்கு ஆசைப்பட்ட குற்றத்துக்காகக் கோபெர் வெள்ளிக்கிழமை மன்றத்தில் அடிவாங்கினான். அடி விழும்போதும் தான் எங்கே தப்பாக விரலை இழுத்தோம் என்று யோசிப்பவன் போலவே இருந்தான்.

ஐந்து ஆண்டுகள் இப்படிப் போயின; பதின்மூன்று பேராக வந்த நாங்கள் நூறு பேரானோம். பிறகு சமையலறைக்குத் தண்ணீர் கொண்டுவர ஆற்றிலிருந்து உள்முற்றம் வழியாகக் கால்வாய் வெட்ட முடிவானது. வெட்டுவதற்கு ஒருவன்தான் இருந்தான். கோபெர் மண்வெட்டியோடு எங்கள் பக்கம் வந்தான். முதல் நாள் அவன் மரத்தடியில் நின்றதை நான் எழுத்தறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அழவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டவன்போல் கால்மாற்றி நின்றான்.

கால்வாய் நாற்பது நாளில் முடிந்தது. அம்பு விட்டதுபோல் நேராக ஓடியது, பேரிக்காய் மரத்தருகே மட்டும் ஒரு முழங்கை அளவு வளைந்து, மீண்டும் நேரானது. அந்த வளைவை யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் வந்தது, அது போதுமாயிருந்தது.

ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை தாய்மடத்திலிருந்து மேற்பார்வைக்கு ஒருவர் வருவார். அந்த ஆண்டு தந்தை அன்செரிக் வந்தார். கோவேறு கழுதையிலிருந்து இறங்கியதுமே மெழுகுவர்த்தியின் பருமனை அளந்தவர் அவர். கால்வாயின் ஓரமாக நடந்து வந்தவர் வளைவில் நின்றார்.

"இது ஏன் வளைஞ்சிருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. கோபெரைக் கூப்பிட்டார்கள். பேசுவதற்கு அவனுக்கு அனுமதி தரப்பட்டது.

"பாறை இருந்துச்சா?"

"இல்ல சாமி."

"அப்புறம்?"

"என் பொண்டாட்டி படுத்திருக்கா சாமி" என்றான் கோபெர். "தலைமாட்டுல தண்ணி ஓடினா அவளுக்குச் சளி புடிக்கும்."

தந்தை அன்செரிக் மூன்று அடி பின்னால் நகர்ந்தார்.

மன்றம் மூன்று நாள் கூடியது. நான் பதினோரு தோல் ஏடு எழுதினேன். எங்கள் சபையின் வரலாற்றில் ஒரு பெண்ணைப் பற்றி இவ்வளவு நீளமாக யாரும் பேசியதில்லை.

"சட்டம் தெளிவா இருக்கு" என்றார் அன்செரிக். "மதிலுக்குள்ள பெண் இருக்கக்கூடாது. இவ ஏழு வருஷமா இருந்திருக்கா. ஏழு வருஷப் பூசை செல்லுமா செல்லாதா?"

"அவங்க உள்ள வரலையே தந்தையே" என்றார் எவ்ரார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "அவங்க ஏற்கெனவே இருந்தாங்க. நாமதான் வந்தோம்."

"அப்படின்னா ஒரு பெண் படுத்திருக்கிற இடத்துக்குள்ள நூறு துறவிங்க நுழைஞ்சிருக்கோம். இது இன்னும் மோசம்."

அன்செரிக் எழுந்து நின்றார்.

"சகோதரர்களே, கடைசி நாளை நினைச்சுப் பாருங்க. எக்காளம் ஊதும். கல்லறையெல்லாம் திறக்கும். நாம எல்லாரும் வெள்ளை அங்கியோட, வரிசையா, மூப்பு முறைப்படி எழுந்து நிப்போம். அப்போ நம்ம நடுவுல, நம்ம சொந்த முற்றத்துல, ஒரு கிராமத்துப் பொம்பளை எழுந்து நிப்பா. ஆண்டவர் பார்ப்பார். அவருக்கு நாம என்ன பதில் சொல்லப்போறோம்?"

மூலையில் உட்கார்ந்திருந்த கிழட்டுச் சகோதரர் போன்ஸ், கண் தெரியாதவர், கேட்டார். "அன்னைக்கு அவர்தான் வந்துட்டாரே. அப்புறம் யாருக்குப் பதில் சொல்லணும்?"

அனுமதியின்றிப் பேசியதற்காக அவர் மண்டியிட வைக்கப்பட்டார்.

ஒருவர் ஓர் ஐயம் எழுப்பினார். அது ஊர்க் கல்லறைத் தோட்டம். மற்ற பெண்களும் அங்கே இருக்கத்தானே செய்வார்கள்? இதற்கு ஒரு முழுப் பிற்பகல் ஆயிற்று. மற்றவர்களைப் பற்றி யாரும் வாக்குமூலம் தரவில்லை என்றும், ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர்கள் அங்கே இல்லை என்றும் முடிவாயிற்று. எர்மெலின் ஒருத்திதான் இருந்தாள். அவளை ஒருவன் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தான் என்பதே அவள் குற்றத்துக்குச் சான்று.

தோண்டி வெளியே அனுப்புவது என்று தீர்மானித்த பிறகு அடுத்த சிக்கல் வந்தது. யார் தோண்டுவது? துறவி பெண்ணைத் தொடக்கூடாது. உழைப்புச் சகோதரனும் தொடக்கூடாது. கூலியாள் உள்முற்றத்துக்கு வரக்கூடாது. கணவன் தொடலாம்; ஆனால் வாக்குக் கொடுத்த அன்றே கோபெர் கணவனாக இருப்பது நின்றுவிட்டது. மூன்றாம் நாள் மாலை தந்தை அன்செரிக் ஒரு வழி கண்டுபிடித்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான கருணை இருந்தது. அதையும் நான் பதிவு செய்தேன்.

கோபெரை உள்ளே அழைத்தார்கள்.

"நாளைக்குக் காலை மணியிலேருந்து நண்பகல் மணி வரைக்கும் உன் வாக்கு நிறுத்தி வைக்கப்படுது. அந்த நேரம் மட்டும் நீ அவளுக்குக் கணவன். நண்பகல் மணி அடிச்சதும் கணவன் இல்ல. புரிஞ்சுதா?"

கோபெர் புரிந்துகொள்ள முயன்றான். "இப்ப நான் யாரு சாமி?"

"இப்ப நீ சகோதரன்."

"அவ?"

"அவ ஒரு இடையூறு."

"சரி சாமி" என்றான் கோபெர்.

மறுநாள் காலை சாட்சியாக இருந்து நடந்ததைப் பதிவு செய்ய என்னை அனுப்பினார்கள். பனி விலகியிருக்கவில்லை. கோபெர் மரத்தடியில் மண்வெட்டியோடு காத்திருந்தான். மணி அடித்து ஓய்ந்தது.

"நான் இப்ப பேசலாமா சாமி?"

"பேசலாம்" என்றேன்.

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். தோண்டத் தொடங்கவில்லை. ஈரப்புல்லில் கால்நீட்டி உட்கார்ந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டான். பல ஆண்டுகள் பேசாத குரல், துருப்பிடித்த கீல்போல் வந்தது.

"எர்மெலின். நான்தான். பயப்படாத, குரல் இப்படித்தான் ஆயிருச்சு. பேச விட்டாங்க இன்னைக்கு. நீ எப்பவும் சொல்லுவியே, மரம் மாதிரி நிக்காத மனுஷா, எதாச்சும் பேசுன்னு. அப்ப பேசல. இப்ப பாரு." ஊன்றிய கையால் புல்லைத் தடவினான். "பெரோனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. நீ வேணாம்னியே அந்தத் தச்சன் பையன், அவன்தான். கோவிச்சுக்காத. அடிக்கிறதில்லையாம். பொண்ணு பொறந்திருக்கு, உன் பேரத்தான் வச்சிருக்கா. நான் பாக்கல. சுவரு சொல்லிச்சு. வீட்டப் பிரிச்சாச்சு. அடுப்புக்கல்ல மட்டும் நானே தோள்ல தூக்கிட்டுப் போனேன், மலை மேல. மூணு தடவ வச்சு வச்சுத் தூக்கினேன். உனக்காகத்தான் இங்க வந்தேன், ஆனா பக்கத்துல விடல. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருந்தேன், தெரியுமா? இருமினேனே, அது நான்தான்."

இப்படி வெயில் மரத்தின் உச்சியைத் தொடும்வரை பேசினான். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

கடைசியில் எழுந்தான். "இப்ப உன்ன தூக்கப்போறேன்" என்றான். "வலிச்சா சொல்லு."

மேல்மண்ணை மட்டும் மண்வெட்டியால் எடுத்தான். மீதியைக் கையால். மிலோன் மூலம் பெரோன் கொடுத்தனுப்பிய கம்பளியைப் பக்கத்தில் விரித்திருந்தான். இடது கை எலும்பு வந்தபோது, உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். "வண்டியிலேருந்து விழுந்தா. நான்தான் ஓட்டினேன்" என்று என்னிடம் சொன்னான். நான் தலையாட்டினேன். அவள் இறந்து பதினொரு ஆண்டுக்குப் பிறகும் அவன் அதற்கு வருந்திக்கொண்டிருந்தான்.

கம்பளியை மடித்து, உறங்குபவளைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். வேகமாக நடந்திருக்கலாம். அவன் அப்படி நடக்கவில்லை. வாசலுக்கு வெளியே கைவண்டியோடு பெரோன் நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவன் இன்னும் மெதுவாக நடந்தான்.

வாசலுக்கு நான்கு அடி இருக்கும்போது நண்பகல் மணி அடித்தது.

"நில்!" என்றார் தந்தை அன்செரிக். அவர் ஒரு தூணருகில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். "மணி அடிச்சாச்சு. நீ இப்ப கணவன் இல்ல."

"நாலடிதான் சாமி."

"நாலடியா நானூறு அடியாங்கிறது கேள்வியே இல்ல. ஒரு சகோதரன் கையில பெண் இருக்கா. கீழ வை."

கோபெர் தரையைப் பார்த்தான். முந்தின நாள் மழை பெய்திருந்தது. "சேறா இருக்கு சாமி" என்றான்.

"கீழ வை!"

அவன் வைக்கவில்லை. மறுக்கவும் இல்லை. சொன்னதைச் செய்யவேண்டும் என்று கால் மடங்கியது, கை மடங்கவில்லை. பாதி குனிந்தபடி நின்றான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மடாதிபதி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களில் யாருக்கும் விதியில் அதற்குமேல் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை.

பெரோன் உள்ளே வந்தாள்.

சகோதரர் மிலோன் அவ்வேளையில் தம் சாவிக்கொத்தை வெகு கவனமாக எண்ணிக்கொண்டிருந்தார். பெரோன் நான்கு அடி நடந்தாள். அப்பனின் கையிலிருந்து தாயை வாங்கிக்கொண்டாள். ஒரு கணம் அவன் மார்பில் நெற்றியைச் சாய்த்தாள். "இளைச்சிட்டீங்கப்பா" என்றாள். திரும்பி நான்கு அடி நடந்து வெளியே போனாள். தந்தை அன்செரிக் பெண்ணைப் பார்க்கக்கூடாது என்பதால் அங்கிக் கையால் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆகையால் சாட்சி சொல்ல அவரால் முடியவில்லை.

ஆனால் சேற்றில் அவள் காலடி பதிந்திருந்ததால் மூன்று நாள் பூசை இல்லை, ரொட்டியும் தண்ணீரும்தான். நான்காம் நாள் அன்செரிக் 'குறை நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, கழுதையேறிப் போனார். போகும்முன் இன்னொரு கட்டளையும் இட்டார். வளைவுக்கு இனிக் காரணம் இல்லை, கால்வாயை நேராக்கவேண்டும். கோபெர் நேராக்கினான். அவள் கிடந்த இடத்தின் வழியாகத் தண்ணீர் ஓடியது. அவன் எழுதிய ஒரே எழுத்து எங்கள் மடத்தில் அந்த வளைவுதான் என்று எனக்குப் பட்டது. அதை அவனைக் கொண்டே அழித்தோம்.

அந்தக் குளிர்காலத்தில் அவன் நெஞ்சில் சளி கட்டியது. நோயாளிகள் அறையில் தாழ்ந்த குரலில் பேச அனுமதி உண்டு. ஒரு பிற்பகல் நான் போயிருந்தபோது கேட்டான்.

"சாமி, செத்ததுக்கப்புறம் என்ன எந்தப் பக்கம் வைப்பாங்க?"

"உள்ளதான். சகோதரர்கள் வரிசையில."

"வெளிய வைக்க மாட்டாங்களா? மலைக்கு அந்தப் பக்கம். குழிய நானே வெட்டி வச்சிட்டு வந்துடறேன். ஒரு நாள் விட்டாங்கன்னா போதும்."

நான் அதை மன்றத்தில் வைத்தேன். தந்தை எவ்ரார் கண்கலங்கினார். அவர் கொடியவர் அல்ல. "அவன் நம்ம குடும்பம்" என்றார். "குடும்பத்தை விட்டுட்டு ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட போறதா? இத்தனை வருஷம் சோறு போட்டு, அங்கி கொடுத்து, மோட்சத்துக்கு வழி காட்டின இடத்தை விட்டு, ஒரு சாதாரண ஊர்க் கல்லறையில கிடக்கணும்னு கேக்கறானே, அந்தப் புத்தி காய்ச்சல்லதான் வந்திருக்கும். காய்ச்சல் கேட்டதை நாம கொடுத்தா, அவனுக்கு நாம செய்யற துரோகம். அவனுக்கு நல்ல இடமா, கோவில் சுவர் ஓரமா பார்த்துக் கொடுங்க."

அதைக் கோபெரிடம் நான்தான் சொன்னேன். "கோவில் சுவர் ஓரமா" என்று ஆறுதலாகச் சொன்னேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்து, முறைப்படி தரையில் சாம்பல் தூவி அதன்மேல் கிடத்தினோம். நூறு பேர் சுற்றி நின்று பாடினோம். பாட்டு நடுவே அவன் எதையோ சொன்னான். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

செய்தியை மகளுக்குச் சொல்ல அனுமதி கேட்டேன். நாற்பது நாளில் கிடைத்தது. மாலை மன்றாட்டுக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு மலையேறினேன்.

பெரோன் முற்றத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அழவில்லை. "வாங்க" என்று ஊர்க் கல்லறைக்கு அழைத்துப்போனாள். எர்மெலின் கிடந்த மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்குப் புல் வெட்டாமல் விட்டிருந்தது. சுற்றிலும் சிறு கற்கள்.

"இங்க யாரையும் வைக்க விடல" என்றாள். "போன மாசம் தச்சர் வீட்டுக் கிழவர் செத்தாரு. இடம் கேட்டாங்க. ஆளு வராருன்னு சொன்னேன்."

நான் ஆறுதல் வசனம் ஒன்றை லத்தீனில் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன்.

"கஷ்டப்பட்டாரா?"

"இல்லம்மா."

"பொய் சொல்றீங்க."

"ஆமா" என்றேன்.

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். "அங்க யாரும் பேசறதில்லையாமே சாமி, நெசமா?"

"நெசம்தான்."

"செத்தவங்ககிட்டயும்?"

"அவங்ககிட்டயும்."

"அவரு அப்படி இருந்து பழக்கமில்ல. அவரு பேசமாட்டாரு, ஆனா பக்கத்துல யாராவது பேசிட்டே இருக்கணும். அம்மா பேசிட்டே இருக்கும், இவரு தலையாட்டிட்டே இருப்பாரு." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நாங்க உள்ள வரமுடியாது. நீங்க அங்கதானே இருக்கீங்க. நீங்க பேசுங்க சாமி. பெருசா ஒண்ணும் வேணாம். மழை வந்துச்சு, பசு ஈனிச்சு, அந்த மாதிரி. பேசுவீங்களா?"

மாலை மன்றாட்டுக்கு நான் தாமதமாகத்தான் திரும்பினேன். அதற்கு மண்டியிட்டேன்.

அது நடந்து நான்கு ஆண்டுகளாகின்றன. தினமும் காலையில் எழுத்தறைக்குப் போகும் வழியில் கோவில் சுவரோரம் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் பேசுகிறேன். முதல் மாதம் கண்டித்தார்கள். இரண்டாம் மாதம் பட்டினி போட்டார்கள். பிறகு வாரம் ஒருமுறை அடி என்று நிலைத்தது. குற்றப் பதிவேடு என் பொறுப்பு என்பதால், 'எழுத்தர் மீண்டும் மௌனம் மீறினார்' என்று ஒவ்வொரு வெள்ளியும் என் கையாலேயே, திருத்தமான எழுத்தில் எழுதிவைக்கிறேன். செய்திகளை மிலோன் வாசலிலிருந்து கொண்டுவருகிறார். அவருக்கும் இப்போது சேர்த்து அடி விழுகிறது.

இன்று காலையும் போனேன். புல்லில் பனி இருந்தது.

"கோபெர்" என்றேன். "ராத்திரி நல்ல மழை. சின்ன எர்மெலினுக்கு முன்பல்லு விழுந்துருச்சாம், கூரை மேல எறிஞ்சிருக்கா. தச்சன் பையன் புதுசா கதவு போட்டிருக்கான். எல்லாரும் சுகம்."

தினமும் கடைசியில் சொல்வதையும் சொன்னேன்.

"உன் இடத்துல இன்னும் யாரையும் வைக்கல."